சொந்த உபயோகம்

இரண்டு சாவியையும் மேசைமேல் வைத்தேன்.
ஒன்று தேய்ந்து வழுவழுத்தது.
மற்றது வாங்கிய அன்றே
உறையோடு பீரோவில் போட்டது.
இன்சூரன்ஸிலிருந்து வந்த ஜெபக்குமார்
இரு உள்ளங்கையிலும் வைத்து எடை பார்த்தார்.
சாவி ரெண்டும் இருக்கு சார், வண்டிதான் இல்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில்
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிறுத்தியிருந்தேன்.
ராத்திரி மழை.
விடிந்தபோது சுற்றிலும் ஈரம்,
நடுவில் கார் அளவுக்குக் காய்ந்த சிமெண்ட்.
மழை விட்டபிறகுதான் எடுத்திருக்கிறான்.
நனையாத திருடன்.

எஃப்.ஐ.ஆருக்குப் பன்னிரண்டு நாள் நடை.
கண்டுபிடிக்க முடியவில்லை என்று
ஒரு தாளில் எழுதித் தரத் தொண்ணூறு நாள்.
கண்டுபிடிக்கவே அவ்வளவு ஆகாது என்று
டீக்கடையில் சொன்னேன்,
ஸ்டேஷனில் சொல்லவில்லை.

'ஆர்.சி.யில் சொந்த உபயோகம்னு இருக்கு.
ஃபாஸ்டேக் வேற சொல்லுதே.
மூணு மாசத்துல நாப்பத்தோரு தடவை
வாலாஜா டோல் தாண்டியிருக்கீங்க.
ஏர்போர்ட்ல யாரை விட்டீங்க, தீர்த்தகிரி?'

சொந்தக்காரங்களை, சார்.

வெள்ளை போர்டு வண்டி.
வாடகை என்று ஒரு சொல் வாயில் வந்தால்
மூன்று லட்சத்து எண்பதாயிரமும் போச்சு.
தவணை மட்டும் போகாது.

'எந்த ஊர்ச் சொந்தம்?'

மால்தா. தன்பாத். அகர்தலா.

பேனா நின்றது.
ஃபேன் சுற்றியது.

அவங்க என்னைத் தாதான்னுதான் கூப்பிடுவாங்க சார்.
அவங்க பாஷையில அண்ணன்னு அர்த்தம்.
போலீஸ்லயும் இதை விளக்க வேண்டியதாப் போச்சு.

சொல்லாமல் விட்டது:
காந்தி ரோடு லாட்ஜ் வாசலில்
ஸ்கேன் ஃபிலிமைக் குடையாய்ப் பிடித்து
எனக்காக நின்றவர்கள்.
கடுகெண்ணெய் வாசம் ஏறிய டிக்கி.
தன்பாத்திலிருந்து மூன்று பேராய் வந்து
இரண்டு பேராய்த் திரும்பிய அன்று
பூந்தமல்லி வரை நான் பாட்டுப் போடவில்லை.
இறங்கும்போது பெரியவர் கையில் திணித்ததை
எண்ணாமல் பையில் போட்டேன்.
எண்ணாமல் வாங்கினால்
அதுவும் வாடகையா?

'வண்டில அடையாளம் ஏதாவது?'

பின் சீட்டு, இடது ஓரம், ஒரு கறை.
மூணு தடவை கழுவியும் போகலை.

'எப்படி வந்துச்சு?'

மருந்து ஏத்தின மறுநாள்.
ஸ்ரீபெரும்புதூர் பாலத்து மேல
பையன் வாந்தி எடுத்துட்டான்.
வண்டியை ஓரங்கட்டி
நான்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன்.
மொட்டைத் தலை, கை வழுக்குச்சு.

'யார் பையன்?'

தங்கச்சி பையன்.

தங்கை இல்லாதவன் நான்.
நாக்கு தடுக்கவில்லை.

'பேரு?'

பாபாய் ஹால்தார்.

எழுதினார்.
எழுத்துக்கூட்டி, மெதுவாக, என் பாலிசி எண்ணுக்குக் கீழே.
பிறகு நிமிர்ந்து
இனிஷியல் கேட்டார்.