பத்தில் மூன்று

வெங்காய விதைக்கு ஆயுள் ஓராண்டு.
இரண்டாம் ஆண்டில் அது
நனைந்த வெடிமருந்து.
தெரியும் எனக்கு. தெரிந்தும்
போன மார்ச்சில் உறையைத் திறக்கவில்லை.
வர்ன்யாவுக்கும் தார்த்துவுக்கும் பேருந்தில் அலைந்தேன்,
வக்கீல், பத்திரம், முத்திரை.
ஏப்ரலில் அவெர்யான் வலைகளையும்
மீன் புகைக்கும் தகரப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு
ஏரியோரமாகவே நாலு ஊர் தள்ளிப் போனான்.
வீடு எனக்கு. தோட்டம் எனக்கு. படகு அவனுக்கு.
விதை உறை யாருக்கு என்று
நீதிபதி கேட்கவில்லை.

இன்று கிடைத்தது, உப்பு டப்பாவுக்குப் பின்னால்.
மேலே அவன் கையெழுத்து:
தங்க நிறம். நல்ல தலை. நாலு பூவின் விதை.

ஒரு சாசர், ஈரத்தாள், எண்ணிப் பத்து.
இன்னொரு சாசரால் மூடி
அடுப்புத் திட்டின்மேல் வைத்தேன், பூனைக்குப் பக்கத்தில்.
ஆறாம் நாள் ஒன்றுமில்லை.
எட்டாம் நாளும்.
அடைகாத்தது பூனை மட்டும்.
பத்தாம் நாள்
மூன்று வெள்ளை வால்கள்.

பத்தில் மூன்று.
தபால் நிலையத்தில் இருபது வருடம் கணக்கெழுதியவள்;
முப்பது வேண்டுமென்றால் நூறு போடத் தெரியாதா?
தட்டில் மண் பரப்பி
உறையை அப்படியே கவிழ்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஏரி இன்னும் கெட்டி.
பனியில் துளையிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்கள் ஆண்கள்.
இந்தத் தூரத்தில்
எல்லா முதுகும் ஒரே முதுகு.

வெங்காயம் தலை நிமிர்ந்து பிறப்பதில்லை.
கொண்டை ஊசிபோல் வளைந்து
இடுப்புதான் முதலில் வெளியே வருகிறது,
தலை இன்னும் மண்ணுக்குள்.
நிமிர ஒரு வாரம்.
நிமிர்ந்த பிறகும்
நுனியில் அந்தக் கறுப்புத்தோலைத் தூக்கிக்கொண்டே நிற்கும்.
கிள்ளிவிடக் கை பரபரக்கும்.
கிள்ளினால் நுனியும் போகும்.
விடு, தானாய் விழும்.

லுகேர்யா எட்டிப் பார்த்தாள்.
"விதையா? கேட்டிருந்தால்
நடுகாய் ஒரு வாளி தந்திருப்பேனே."
ஓரத்துத் தட்டில் சின்ன வெங்காயம்;
அதுவும் விதைதான், கல்லஸ்தே கடையில் வாங்கியது.
"காய் நட்டால் ஒன்று எட்டாகும், கிளாஃபிரா.
விதை போட்டால் ஒற்றையாய்த்தான் நிற்கும்,
குடும்பம் இல்லாமல்..."
சொல்லிவிட்டுத் தேநீரைக் கலக்கினாள்,
கரைந்துபோன சர்க்கரையை மறுபடியும் மறுபடியும்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"ஒற்றையாய் நிற்கட்டும்.
இடம் தாராளமாக இருக்கும்."

மே மாதம் கத்தரிக்கோலால் முடி வெட்டி
மேட்டுப்பாத்தியில் ஊன்றினேன்,
ஏரிச்சேறு கலந்த கறுப்பு மண்ணில்.
முப்பது எதிர்பார்த்தேன். நாற்பத்தொன்று.
கணக்கு தப்பியது;
திருத்தவில்லை.

ஜூனில் இரவு பதினொன்றுக்கும் செய்தித்தாள் படிக்கலாம் இங்கே.
தூங்காத அந்த வெளிச்சத்தை
வெங்காயம் எண்ணிக்கொண்டிருக்கிறது.
பகல் இவ்வளவு நீண்டதும்
இலை போடுவதை நிறுத்திவிட்டு
அடியில் சேர்க்கத் தொடங்கும்.
போட்ட இலைக்கு ஒன்றாய் அடுக்கு;
ஜூனுக்குப் பின் பேரம் இல்லை.

ஆகஸ்டில் தாள் தானாய்ச் சாய்ந்தது.
காயவைத்துப் பின்னினேன்.
ஐந்து பெரிய தலைகளைப் பின்னவில்லை;
அவை அடுத்த ஆண்டு மறுபடி மண்ணுக்கு.
உரித்துப் பார்த்தவர்கள்
உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளட்டும்.
நட்டுப் பார்த்தால்
அந்த நடுவிலிருந்துதான் பூ கிளம்பும்.

சாலையோரம் மேசை போட்ட மூன்றாம் நாள்
அவெர்யான் வந்தான்,
கொட்டகையில் விட்டுப்போன துடுப்பைக் கேட்டு.
துடுப்பை எடுத்தவன் நின்றுவிட்டான்.
"அந்தத் தங்க நிறமா?"
"அதுதான்."
"செத்திருக்க வேண்டுமே."
"பத்தில் ஏழு செத்தது."

ஒரு பின்னலைத் தூக்கிக் கனம் பார்த்தான்,
மோந்தான்,
பத்து யூரோ நீட்டினான்.

பின்னல் ஐந்து யூரோ.
மீதி ஐந்தைச் சில்லறையாய்
அவன் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.