உயிரோடிருக்கையில் நிறம்

அதிகாலை ஐந்து இருபது.
சாங்கியில் கடல் தன் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு
கப்பல் விளக்குகள் பக்கமாக ஒதுங்கியிருந்தது.
என் ஒரு கையில் நிற அட்டை,
மறு கையில் கடல் அட்டை.
இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டுத்
தூங்கப் போய்விட்டது தமிழ்.

நிற அட்டை எங்கள் புளோக்கினுடையது.
சுவருக்கு எந்த வண்ணம் என்று நகர மன்றம் வாக்குக் கேட்டபோது
மின்தூக்கிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள்.
முதல் திட்டம், இரண்டாம் திட்டம், மூன்றாம் திட்டம்.
நான் வாக்களிக்கவில்லை.
ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன்.

ஒரே இனம், ஒரே சேறு,
சாண் இடைவெளியில் மூன்று.
முதலாவது, மழையில் நனைந்த சிமெண்டு.
இரண்டாவதன் முதுகில் யாரோ கரித்துண்டால் கோடிழுக்கத் தொடங்கி
மனசு மாறி விட்டுவிட்டார்கள்.
மூன்றாவதற்கு என்ன எழுத?
பழுப்பு என்றால் பொய்.
மஞ்சள் என்றால் பேராசை.
"மைலோ கோசோங்" என்றாள் ரோஸ்லினா, டார்ச்சைத் தாழ்த்தி.
அப்படியே எழுதினேன். பிறகு அடித்தேன்.
தலைக்கு மேல் இறங்கிய விமானம்
விளக்கோடு கடந்துபோன இரண்டு விநாடிக்கு
மூன்றும் வெண்கலம்.

மண்டபம் பக்கம் இதற்குப் பெயர் வெள்ளை அட்டை.
வெள்ளை வயிற்றில் மட்டும்தான் இருக்கிறது,
புரட்டிப் பார்த்தவன் வைத்த பெயர்.

கடற்புல் நடுவே இன்னொன்று, முள் அட்டை,
கல்யாண மண்டப ரோஸ் நிறத்தில்
யாரும் அழைக்காமல் வந்து உட்கார்ந்திருந்தது.
அந்தச் சிவப்பை அது செய்வதில்லை,
தின்று தின்று சேர்க்கிறது.
"கரோட்டினாய்டு வெளிச்சாப்பாடு,
மெலனின் வீட்டுச் சமையல்"
என்பாள் சியூ லெங், ஆய்வுக்கூடத்தில்,
கையுறையைப் பல்லால் இழுத்துக்கொண்டே.

போன மாதம் ஒன்றைப் புட்டியில் இட்டோம்.
மூன்றாம் நாள் அட்டை வெளுத்திருந்தது.
சாராயம் தேநீராகியிருந்தது.
நிறம் இப்போது யாருடையது,
விலங்கினுடையதா, புட்டியினுடையதா?
அதனால்தான் சீட்டில் ஒரு கட்டம்:
உயிரோடிருக்கையில் நிறம்.
அந்த ஒரு கட்டத்துக்காக
இரண்டு மணிநேரத் தூக்கம் போகிறது எனக்கு.

"புத்தாண்டுக்கு முன்னால் என் அத்தை கடைக்கு வா,"
சியூ லெங் சிரித்தாள்.
"வேகவைத்து உலர்த்தினால் எல்லாம் ஒரே கறுப்பு.
வித்தியாசம் விலையில்தான்."

பர்சில் இருக்கிற என் அட்டை நீலம்,
பதினொரு வருடமாக.
இளஞ்சிவப்புக்கு விண்ணப்பித்து
பதினாலு மாதம் ஆகிறது.
பரிசீலனையில் இருக்கிறது என்கிறது திரை,
நான் நள்ளிரவில் திறந்தாலும்
மதியச் சாப்பாட்டின்போது திறந்தாலும்.
படிவத்தில் அப்பா பிறந்த ஊர் கேட்டார்கள்,
சம்பளம் கேட்டார்கள்.
முள் அட்டையிடம் நான் இதைச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும்
வாயில் இருந்த சேற்றை அது துப்பியிருக்காது.

ஆறு ஐம்பதுக்கு வெளிச்சம் வந்தது.
கூடவே கணுக்காலுக்குத் தண்ணீரும்.
டார்ச்சில் நான் எழுதியது எதுவும்
விடியலில் உண்மையாக இல்லை.
சிமெண்டில் ஒரு பச்சை இருந்தது.
கரிக்கோடு ஊதா.
மூன்றாவது முதுகில் மணலை இழுத்துப் போட்டுக்கொண்டு
பாதி புதைந்துவிட்டது.
மணலோடு சேர்த்து எழுதுவதா, கழுவிவிட்டா?
நனைந்த நிற அட்டையில்
இரண்டாம் திட்டம் மூன்றாம் திட்டத்துக்குள் ஒழுகியிருந்தது.

பேருந்திலிருந்து இறங்கினால்
எங்கள் புளோக்கில் தொங்கு மேடை.
இரண்டு பேர் மேலிருந்து பூசிக்கொண்டு வருகிறார்கள்.
எந்தத் திட்டம் வென்றது என்று கீழேயிருந்து சொல்ல முடியவில்லை.
காய்ந்தால் வேறு மாதிரி இருக்கும் என்றார்
ஏழாம் மாடி குணராசு.

கால் கழுவாமல் உட்கார்ந்து கட்டத்தை நிரப்பினேன்:
ஈரத்தில், மேகமூட்டத்தில், ஆறு ஐம்பதுக்கு,
முதுகு சாம்பல் என்று சொல்லலாம்,
அருகில் பார்த்தால் சொல்ல முடியாது.
வயிறு வெள்ளை.
அது நிச்சயம்.