மூன்றாம் ஷிஃப்ட்

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர்ச்சாரி
ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை.
காலையிலிருந்து ஊரார் முகங்களைக்
கண்ணாடிமேல் கவிழ்த்து வைப்பேன்.
ஆதார், சாதிச் சான்று, இறப்புச் சான்று,
முன்னும் பின்னும், ரெண்டு செட்.
இருப்பதைவிடக் கொஞ்சம் கறுத்துத்தான்
எல்லோரும் வெளியே வருவார்கள்.

சுகப்ரியா என்று எனக்கொரு கணக்கு உண்டு.
அதில் சித்தப்பா, பழைய டீச்சர்,
பொங்கல் வாழ்த்து, ரோஜாப்பூ.
இன்னொன்றின் பெயர் நண்டுவளை.
அதில் என் கால் விரல்கள்,
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்த படங்கள்,
உப்பனாற்றில் ஒருநாள் மிதந்துபோன நாற்காலி.
முப்பத்தேழு பேர் பார்க்கிறார்கள்.
ஒருத்தரையும் தெரியாது.
போன புதன்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர்களில் ஒருவன் மூன்றாம் ஷிஃப்ட்.
ராத்திரி ரெண்டு மணிக்குப் புகைக்கூண்டைப் படமெடுப்பான்.
கழற்றிப் போட்ட கையுறை. சூப்பர்வைசரின் நிழல்.
எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை.
சிப்காட் எத்தனையோ ஊரில் இருக்கிறது,
எங்கும் அதே மஞ்சள் விளக்கு.

ஆறு மாதம் பேசினோம்.
மூச்சு இழுக்குது, வீட்ல சொல்லல,
கடன் முடியட்டும் என்றான்.
நான் என் அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.
ஒருநாள் என் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான்,
டிஸ்ப்ளே மாற்ற ஆயிரத்து எண்ணூறு.
அதற்கு மட்டும் ரொம்ப நேரம் பதில் இல்லை.
விடியும்போது வந்தது:
'எனக்கும் தங்கச்சி இருக்கு.
பேச வராது. வாயத் தொறந்தா சத்தந்தான் வருது.'

புதன்கிழமை.
துறைமுகத்தில் மூணாம் நம்பர் கூண்டு.
கரண்ட் இல்லை, ஷிஃப்ட்டும் இல்லை.
அப்பா படகைக் கட்டப் போயிருந்தார்.
சோனாங்குப்பத்தில் எங்கள் வீடு ஒரே அறை,
குறுக்கே அம்மாவின் பழைய பாலியஸ்டர் புடவை.
இந்தப் பக்கம் நானும் அம்மாவும்.
அந்தப் பக்கம் கலைவேந்தன்.
புடவைக்கு நேர் கீழே ஒழுகும் இடத்தில் பேசின்,
பாதி எங்களுக்கு, பாதி அவனுக்கு.

மூன்றாம் ஷிஃப்ட் ஒரு படம் போட்டான்:
மழைத்தண்ணீர், பேசின், அதில் மிதக்கிற மக்.
காது உடைந்த மக்.
அதை நீல வலைநூலால் கட்டியது நான்தான்.
மீன்காரன் பொண்ணு முடிச்சா இது என்று
அப்பா சிரித்த முடிச்சு.

நிமிர்ந்து பார்த்தேன்.
மக் மிதந்துகொண்டிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல்
லைக் போட்டேன்.
புடவைக்கு அந்தாண்டை பாயின்மேல்
மல்லாந்த வண்டாக ஒரு போன் துடித்தது.

அப்புறம் கைக்கு வந்த ஏதோ கடி ஜோக்.
ஆறு மாதமாக 'ஹஹஹ' என்று எழுத்தில் வந்தது
அன்றைக்குச் சத்தமாக வந்தது.
மூக்கால், முடிவில் இருமலோடு.
பத்தாவதுக்கு அப்புறம் இவன் சிரித்து
நான் கேட்டதே இல்லை.

'உங்க ஊர்லயும் மழையா?'

கட்டைவிரல் அங்கேயே நின்றது.
டிஸ்ப்ளே மாற்றிய வாரம்
என் ஹேண்ட்பேக்கின் உள்ஜிப்பில் மடங்கிக் கிடந்த நோட்டுகள்.
அம்மாதான் என்று கேட்காமலே விட்டிருந்தேன்.
இவனுக்கு எப்போதிலிருந்து தெரியும்?
இல்லை, தெரியவே தெரியாதா?

'லேசா' என்று மட்டும் போட்டேன்.

பேசின் விளிம்புக்கு வந்துவிட்டது.
யாராவது எழுந்து கொட்ட வேண்டும்.
போனைத் தலையணைக்கடியில் தள்ளிக் கண்ணை மூடினேன்.
பாய் நெளிந்தது. தாழ்ப்பாள்.
தெருவில் தண்ணீர் விழுகிற சத்தம்.
திரும்பி வந்தவன் உடனே படுக்கவில்லை.
முடிச்சை இழுத்து இறுக்கினான் என்று நினைக்கிறேன்,
நூலுக்கு அவ்வளவு சத்தம் உண்டா தெரியாது.

பிறகு என் தலைக்குக் கீழே ஒருமுறை அதிர்ந்தது.
அம்மா புரண்டு படுத்தாள்.

இன்னும் அதை நான் திறக்கவில்லை.