எலும்பு மூக்கர்

முஹர்ரக்கில், அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறையில்
தினமும் நான் துடைக்கும் கண்ணாடிக்குள்
ஒரு மூக்குக் கவ்வி.
ஆமையோடு. கடலைப்பருப்பு நுழையும் பிளவு.
முத்துக்குளித்தவன் மூக்கைப் பிடித்திருந்தது
இப்போது எதையும் விடாமல்
வெறுமையைப் பிடித்திருக்கிறது.

அறைத்தோழன் ரோனெல் மணிலாவுக்குப் போகையில்
தடித்த நாவலொன்றை விட்டுப்போனான்.
அட்டை கிழிந்தது; முன்பக்க வரைபடம் பிழைத்தது.
கைபேசி அகராதியோடு ஏழு மாதம் படித்தேன்.
உப்புக்கடல் ஓரத்தில் அதில் ஓர் இனம்:
பிறவியிலேயே எலும்பு மூடிய மூக்கு,
பொழுது சாயும்வரை நீருக்கடியில் உலாவல்,
மீனுக்கும் மனுஷிக்கும் பிறந்தவர்களாம்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
எழுதியவர் என்றோ ஒரு கப்பல் தட்டில் நின்று
தோணியோரம் தலைதூக்கிய ஒருவனைப் பார்த்திருக்க வேண்டும்.
அவன் கவ்வியைக் கழற்றும்வரை
நிற்க நேரமில்லை போலும்.

மேற்பார்வையாளர் அப்துன்நபியிடம் சொன்னேன்.
கதை படிக்கிற ஆளில்லை அவர்.
"கடன் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா?" என்றார்.
அரிசிக்கும் பேரீச்சைக்கும் வாங்கிய முன்பணம்,
பருவம் முடிந்தாலும் முடியாதது,
மூழ்கியவன் மேலே வராவிட்டால்
மகன் பேருக்கு மாறுவது.

அன்றிரவு தேடினேன்.
சாபம் இருந்தது. மந்திரக்கல் இருந்தது.
ஒருவரையொருவர் கொன்ற மூன்று அரசர்கள் இருந்தார்கள்.
வட்டி என்ற சொல் இல்லை.

எனக்கு ஊர் வேம்பாறு, வீட்டுப்பெயர் மச்சாது.
எங்கள் ஆட்களும் குளித்தவர்கள்தான்.
ஆனால் விரலால் மூக்கைப் பொத்திக் குதித்தார்கள்;
விரலை வைத்து யார் ஓர் இனத்தைப் படைப்பார்?
ஒருவேளை நாங்கள் வேறு பக்கத்தில் இருக்கலாம்:
வரைபடத்தின் தென்மூலையிலிருந்து
யானைகளோடு வந்து
ஒரே பத்தியில் செத்துப்போகும் கறுத்த சேனையில்.
அவர்களுக்குப் பெயர் இல்லை.
கடைசி வரிசையில் ஒருவன் செருப்பைத் தேடுவதாக
ஒரே ஒரு வாக்கியம்.
அதை மூன்று முறை படித்தேன்.

ஏஜெண்டுக்கு இன்னும் தர வேண்டியது
நாற்பத்தோராயிரம்.
பென்சிலைத் தீட்டி,
எலும்பு மூக்கரின் கரையோரம்,
மலைகளின் பெயரைவிடச் சின்ன எழுத்தில்
தொகையை எழுதினேன்.

எந்த நாட்டு நாணயம் என்று போடவில்லை.