பிணை

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது இழை.
பழைய பாவின் நுனி விழுதுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறது.
புதுப் பாவு எதிரே இழுத்துக் கட்டிக் கிடக்கிறது.
நடுவில் பலகை போட்டு நான்,
வலப்பக்கம் சாம்பல் கிண்ணம்.

சென்னிமலையில்
‘பிணைக்கிற பூவாத்தா’ என்றால்தான் என்னைத் தெரியும்.
தறி என்னுடையதில்லை. நெய்யவும் வராது.
ஒரு பாவு தீர்ந்து இன்னொன்று ஏறும்
அந்த ஒன்றரை நாளுக்குக் கூப்பிடுவார்கள்,
காபி தருவார்கள், மறந்துவிடுவார்கள்.

முடிச்சுப் போடுவதில்லை.
முடிச்சு அச்சுப்பல்லில் மாட்டும், இழுத்தால் அறும்.
சாம்பல் தொட்டு இரண்டு நுனியையும் சேர்த்து
ஒரு உருட்டு.
உருட்டியதை மடக்கிப் பழைய இழைமேல் படியவிட்டு
இன்னொரு உருட்டு.
ஊதினால் பிரியாது,
நினைத்தால் பிரியும்.

எண்ணக் கூடாது.
எண்ணினால் மீதி தெரிந்துவிடும்,
மீதி தெரிந்தால் முதுகு வலிக்கும்.

மதியம் செல்போன் அடித்தது.
அர்த்தநாரி.
நாலு வருஷம் கழித்து.

விசைத்தறி வாங்க அவன் கடன் எடுத்தபோது
பிணைக் கையெழுத்து நான் போட்டேன்.
“பிணைக்கிறவதானே, போடுக்கா” என்று சிரித்தான்.
தறி ஓடியது. பிறகு அவன் ஓடினான்.
ஃபைனான்ஸ்காரர்கள் என் வாசலில் வண்டியை நிறுத்தி
பேரைச் சத்தமாகப் படித்தார்கள்.
இருபத்தாறு தவணை.
அது எத்தனை ஆயிரம் இழை என்று
ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.
கிழித்துவிட்டேன்.
கிழித்தும் மறக்கவில்லை.

எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.
கைக்குத் தெரியும் என்று கையை அதன் போக்கில் விட்டேன்.

கரை வந்தது.
அரக்கு இழைக்கு எதிரே வெள்ளை நின்றது.

தறிக்காரர் குமாரசாமி குனிந்து பார்த்தார்.
“ஒண்ணுதானுங்களே, எதையாவது சேத்தி உட்ருங்க.”
ஒன்றுதான்.
ஆனால் அதற்கப்புறம் எல்லா இழையும்
பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது.

பிரித்தேன்.
முறுக்கிய கணக்குக்கு எதிர்க்கணக்கில்,
முந்நூற்றுச் சொச்சம்.
பிரிப்பதற்குக் கூலி கிடையாது.
விட்டுப்போன இழை விழுதோரம்
ஜோடியில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.
அதன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.
இடத்தை வைத்துப் பார்த்தால்
போன் அடித்தபோது நான் தவறவிடவில்லை.
ஓய்ந்த பிறகு,
மறுபடி அடிக்குமா என்று
காது வைத்திருந்தபோது.

மறுநாள் சாயங்காலம் பாவை இழுத்தோம்,
குமாரசாமி ஒரு பக்கம், அவர் சம்சாரம் ஒரு பக்கம்.
சாம்பல் பூசிய பிணைப்புகள்
விழுதைத் தாண்டி அச்சுப்பல்லைத் தாண்டி
வரிசையாக வந்தன.
நாலு அறுந்தது. சேர்த்தேன்.
இனி ஒரு சாண் நெய்து
அந்த இடத்தை அப்படியே வெட்டி எறிவார்கள்.
பெட்ஷீட் வாங்குகிறவர் கையில்
என் விரல் பட்ட நூல் ஒன்றுகூடப் போய்ச் சேராது.

பதினோரு வருஷமாகத் தெரிந்ததுதான்.
அன்றைக்குத்தான் உறைத்தது.
பிணைப்பு காலத்துக்கும் தாங்க வேண்டாம்,
பல்லைத் தாண்டும்வரை
பிடித்தால் போதும்.

பெருந்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
“என்னடா, கூப்பிட்டே?”
அந்தப் பக்கம் தறிச் சத்தம்,
அவனுடையதா, கூலிக்கு ஓட்டுவதா தெரியவில்லை.
“அங்க மழையாக்கா?”
“இல்லடா. வெறுங்காத்து.”
கொஞ்ச நேரம் காற்றைப் பற்றியே பேசினோம்.
பணப் பேச்சை அவன் எடுக்கவில்லை,
நான்தான் எடுத்தேன்.
“சித்திரைக்குள்ள பாதி தந்தர்றேன்” என்றான்.
நம்பவில்லை.
சரி என்றேன்.

“கையெழுத்து மட்டும் இனி கேக்காதே.”
சிரித்தான். அதே சிரிப்பு.

கண்டக்டர் தந்த டிக்கெட்டில்
கட்டைவிரலும் ஆள்காட்டியும்
சாம்பலாகப் பதிந்திருந்தன.