மருந்து சாப்பிடுவதில்லை

"மக்கான் உபாட்?" என்று கேட்டார்
பாஹாவ் பல் கிளினிக்கில் டாக்டர் நிக் ஹஸ்லினா.
இல்லை என்றேன்.
பொய்யில்லை.
மலாயிலும் சரி தமிழிலும் சரி
மருந்து என்றால் சாப்பிடுவது.
நான் சாப்பிடவில்லை,
இழுக்கிறேன்.

இழுப்புக்கு இழுக்கிற மருந்து.
கைப்பையில், சம்பளச் சீட்டுக்கு அடியில்,
ஊதா நிறத்தில் வட்டமாய்.
காலை ஒன்று, இரவு ஒன்று,
எட்டு மாதமாய்,
ஆலையில் யார் கண்ணிலும் படாமல்.

வாயைத் திறக்கச் சொன்னார்.
திறந்தேன்.
விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தார்,
ஒன்றும் பேசவில்லை.

அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.
திரிந்த பால் மாதிரி வெள்ளை,
நாக்கில், அண்ணத்தில்.
வழித்தால் அடியில் சிவப்பு.
உடம்புச் சூடு என்று
பார்லி தண்ணி குடித்துக் குடித்து
வயிறுதான் குளிர்ந்தது.

குரலும் போயிற்று.
செம்பனை ஆலையின் எடைமேடையில்
லோரி எண் கூப்பிடுகிறவள் நான்.
"எட்டு மூணு நாலு ஏழு, முன்னாடி வா" என்றால்
மைக்கில் தகரம் உரசும்.
டிரைவர் மாசிலாமணி கேட்பான்,
"பேசுறது அக்காவா, அக்கா வீட்டுக்காரரா?"

தொண்டை வறண்டால் ஒரு புதினா மிட்டாய்.
ஒரு லோரிக்கு ஒன்று.
குலை அதிகம் வரும் மாதத்தில்
ஒரு நாளைக்கு எத்தனை லோரி என்று கேட்காதீர்கள்.
அந்தக் கணக்கைக்
கடைவாய்ப் பல் வைத்திருக்கிறது.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட
பேனாவைத் துழாவியபோது
ஊதா வட்டு விழுந்து
உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது.
தாதி குனிந்து எடுத்தாள்.
"இது உபாட் இல்லையா?"
"அது காற்று" என்றேன்.
டாக்டரின் முகமூடிக்குள் ஒரு சிரிப்பு.
பிறகு சிரிப்பில்லை.
ராத்திரி மூச்சு முட்டி எழுந்ததுண்டா,
வலி மாத்திரை விழுங்கி நெஞ்சு அடைத்ததுண்டா,
நீல பம்ப் எங்கே.
சாப்பாட்டுப் பையில் இருந்ததை வாங்கி
கண்ணாடிக்கும் குறடுக்கும் நடுவே
கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தார்.
நாற்காலியை முழுக்கச் சாய்க்கவில்லை.

அவர் மலாயில்தான் சொன்னார்.
எனக்கு எடைமேடையில் புரிந்தது.
சீட்டில் பத்து டன் என்று எழுதியிருக்கும்,
மேடையில் ஒன்பதே முக்கால்தான் நிற்கும்.
மீதி வழியெல்லாம் உதிர்ந்து
ரோட்டோரம் கிடந்து
மழைக்கு முளைத்துவிடும்.
நெஞ்சுக்கு ஏற்றி அனுப்பிய மருந்தில்
நாக்கில் உதிர்ந்ததை
எட்டு மாதமாய் யார் கூட்டினார்கள்?

கொப்பளிக்கச் சொல்லவில்லையா என்றார்.
சொல்லியிருப்பார்கள்.
மருந்து கொடுத்த சன்னலில்
எனக்குப் பின்னால் இருபது பேர்.
உள்ளே மடித்து வைத்த தாளில்
எறும்பு எறும்பாய் எழுத்து.

"நிறுத்திடவா?" என்றேன்.
வாய்க்கு முன்னால் அவர் கை சொன்னது, கூடாது.
இழு. கொப்பளி.
விழுங்காதே, துப்பு.
அப்புறம் பல் விளக்கு.
மிட்டாய் இருந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தல்.
நாக்குக்கு மஞ்சளாய் ஒரு மருந்து.
பல்லைக் குடைந்து அடைத்தார்.
நீல பம்ப் தட்டில் சும்மாவே இருந்தது.

துப்பு.

கல்யாணமான இரண்டாம் மாதம்
மாமியார் எனக்கு வைத்த பெயர்
துப்புக் கெட்டவள்.
இருபத்திரண்டு வருசம் கழித்து
இன்று விடியற்காலை ஐந்தேகாலுக்கு
பின்வாசல் குழாயடியில்
வாய் நிறைய நீர் பிடித்து
அண்ணாந்து, தொண்டையில் உருட்டி,
சாக்கடையில் துப்பினேன்.
சத்தமாய்.
பக்கத்து வீட்டுப் பூனை வேலி தாண்டியது.

"யார்ரா அவன்?" என்றார் உள்ளிருந்து.
"நான்தான்" என்றேன்,
இன்னும் தகரக் குரல்தான்,
இன்னொரு வாய் பிடித்தேன்.