தலையும் மையும்

முதலாளி ஓடிப்போன இரவு
சாந்தா லூசியா ஆற்றின் மேல்
தெற்குக் காற்று.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
வாயிற்கதவில் புதுப் பூட்டு.

ஒலிண்டா கதவில் ஏறினாள்.
பதினாறு வருடம் வாய் திறக்காமல்
கழிப்பறைப் பீங்கானுக்கு வெள்ளை பூசியவள்.
உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.
"சூளை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது."
அவ்வளவுதான் பேச்சு.
அறுபத்து மூன்று பேர் பின்னாலேயே குதித்தோம்.
தடித்த எர்மெஸ் மட்டும்
ஏணி வரும்வரை காத்திருந்தான்.

அவுஸ்பெர்த்தோவும் குதித்தான்.
குதித்ததும் முதல் வேலையாக
உள்ளே எத்தனை பேர் என்று எண்ணினான்.
அடுத்து, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தான்.
நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம்.
அவன் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைத் தேடியெடுத்து
களிமண் மூட்டை இருநூற்றுப் பன்னிரண்டு
என்று எழுதினான்.
ஏட்டுச் சுரைக்காய் என்று சிரித்தோம்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
அதைத்தான் அரிந்து அரிந்து தின்றோம்.

ஒலிண்டா ஒரு வார்த்தை சொன்னால் போதும்,
வங்கி வாசலில் நாற்பது பேர் நிற்போம்,
ஏன் என்று கேட்காமல்.
திங்கட்கிழமை காலை
அச்சு வார்ப்பது யார்,
லாரிக்கு டீசல் எங்கே
என்று கேட்டால் மட்டும்
ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.
அவுஸ்பெர்த்தோ வெளியே பார்த்ததே இல்லை.
ஜன்னலில் எத்தனை கண்ணாடி உடைந்திருக்கிறது என்பது
அவனுக்குத் தெரியும்.

"நீ எங்களை எண்ணுகிறாய்" என்று
ஒருநாள் அவள் கத்தினாள்.
"எண்ணாவிட்டால்
யாருக்கு ரொட்டி கிடைக்கவில்லை என்று
எப்படித் தெரியும்?"
சட்டைக் கையில் மை ஒழுகியிருந்தது.
அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

ஆகஸ்டில் எரிவாயுக் கம்பெனி
கடைசி நோட்டீஸ் ஒட்டியது.
சூளை குளிர்ந்தால் உள்செங்கல் வெடிக்கும்,
வெடித்தால் மறுபடி கட்டக் காசில்லை.
சூளைக்காரன் நான், சத்தியம் செய்து சொன்னேன்.
எல்லோரும் ஒலிண்டாவைப் பார்த்தோம்.
அவள் தன் கைகளைப் பார்த்தாள்.
பிறகொரு நாள் என்னிடம் சொன்னாள்:
கதவு ஏறுவது லேசு,
அந்தப் பக்கம் தரை இருக்கிறது.

அவுஸ்பெர்த்தோ எழுந்தான், இருமினான்.
நோட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தான்.
ஆகஸ்ட் சம்பளம்.
முதல் வரியில் அவன் பெயர்,
எதிரே சுழியம்.
"மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.
எரிவாயுவுக்கு வேறு எங்கிருந்தும் வரவில்லை."
பேனாவைத் திறந்தபடி வைத்துவிட்டு
மாத்தேக்கு வெந்நீர் போடப் போய்விட்டான்.

வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்கும்வரை
யாரும் அசையவில்லை.
பிறகு எர்மெஸ் எழுந்தான்,
ஏணிக்குக் காத்திருந்த அதே எர்மெஸ்.
அவன் பின்னால் வரிசை.
என் சுழியம் கோணலாக விழுந்தது.

அன்று மாலை ஒலிண்டா சைக்கிளில் கிளம்பினாள்.
பையில் கிழிந்த ஒரு தாள்:
எந்த வீட்டில் எத்தனை பிள்ளை,
யாருக்கு மாத்திரை தீர்ந்தது,
எந்தக் கடைக்காரன் இன்னும் கடன் தருவான்.
கணக்கில் இரண்டு தப்பு.
அவுஸ்பெர்த்தோ சிவப்பு மையில் திருத்தினான்.
அவள் திட்டிக்கொண்டே மறுபடி மிதித்தாள்.

நோட்டில் ஒரே ஒரு வரியில் சுழியம் இல்லை.
வில்மார். அவன் மகள்
மோந்தேவிதேயோ ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.
வரிசையில் அவனும் நின்றான்,
சுழியமும் போட்டான்.
மறுநாள் அதன் முன்னால்
இரண்டு இலக்கம் முளைத்திருந்தது.
யார் எழுதியது என்று எவரும் கேட்கவில்லை.
கையெழுத்து எனக்குத் தெரியும்.
சொல்ல மாட்டேன்.

இப்போது தலைநகரத்துக் கல்லூரியிலிருந்து
பிள்ளைகள் படிவத்தோடு வருகிறார்கள்.
தலைவர் யார், மேலாளர் யார்,
தனித்தனிக் கட்டம்.
ஆயிரத்து நூற்றெண்பது டிகிரி,
கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்கிறேன்.
உள்ளே இருபது கழிப்பறைகள்
வெள்ளையாக வெந்துகொண்டிருக்கின்றன.